நோயாளியிடம் பாலியல் நலம் பற்றிப் பேச்சை எடுப்பது எப்படி? புதிதாகப் பணிக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். "மாடிப்படி ஏறலாமா சிஸ்டர்?" மூன்று முறையும் "மெதுவா ஏறலாம் சார்" என்று சொல்லி, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர் மனைவி பில் கட்டப் போயிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மா தனியாக என்னிடம் வந்தார். "அவர் இப்பல்லாம் ஹால்லதான் படுக்கிறார் சிஸ்டர். பக்கத்துல படுத்தா நெஞ்சுக்கு ஏதாவது ஆகிடுமா?" என்றார். அவர் மூன்று முறை கேட்ட மாடிப்படிக் கேள்விக்குள் இந்தக் கேள்விதான் இருந்திருக்கிறது. எனக்குக் காது கேட்டது, கேள்வி கேட்கவில்லை.

வார்டிலோ ஓபியிலோ புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செவிலியர், இளம் மருத்துவர், இயன்முறை மருத்துவர், ஆலோசகர் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பாலியல் நலம் என்றதும் பால்வினை நோய், குடும்பக் கட்டுப்பாடு என்ற இரண்டோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட விளக்கம் அதைவிட விரிந்தது. நோயோ குறைபாடோ இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, பாலியல் சார்ந்து உடலும் மனமும் உணர்வும் சமூக வாழ்வும் நலமாக இருக்க வேண்டும், வற்புறுத்தலும் வன்முறையும் இல்லாத, பாதுகாப்பான, இன்பமான அனுபவம் சாத்தியப்பட வேண்டும் என்கிறது அது. இன்பம் என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். சர்க்கரை நோய், பக்கவாதம், மூட்டு மாற்று, மனச்சோர்வு, பிரசவம் என்று நம்மிடம் வரும் எதுவும் அதைத் தொடாமல் போவதில்லை.

1. இது யார் வேலை என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

மருத்துவர் கேட்பார் என்று செவிலியர் நினைக்கிறார். செவிலியர் நெருக்கமாகப் பேசுகிறவர், அவர் கேட்பார் என்று மருத்துவர் நினைக்கிறார். முக்கியமாக இருந்தால் அவர்களே சொல்லுவார்கள் என்று நோயாளி நினைக்கிறார். இப்படியே டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது.

இதற்கு நல்ல வழி காட்டியவர் ஜாக் அன்னான் என்ற உளவியலாளர். 1976இல் அவர் வெளியிட்ட 'பிலிசிட்' என்ற முறையில் நான்கு அடுக்குகள் உண்டு. முதலாவது, இதைப் பற்றி இங்கே பேசலாம் என்று நோயாளிக்கு அனுமதி தருவது. இரண்டாவது, அவர் நிலைமைக்குத் தேவையான அளவான தகவல். மூன்றாவது, அவருடைய சிக்கலைக் கேட்டறிந்து குறிப்பான யோசனை சொல்வது. நான்காவது, அதற்கென்றே பயிற்சி பெற்றவரின் முழுமையான சிகிச்சை. முதல் இரண்டும் நோயாளியைத் தொடும் எல்லோருக்கும் உரியவை. மூன்றாவதற்கு அந்த நோயில் கொஞ்சம் அனுபவம் வேண்டும். நான்காவதைச் செய்ய வேண்டியவர் நீங்கள் இல்லை, ஆனால் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை உங்களுடையது.

புதியவர்களுக்குப் பெரிய பயம், "கேட்டுவிட்டு, பதில் தெரியாமல் முழித்தால்?" என்பதுதான். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் நல்ல பதில்தான். மறுநாள் மறக்காமல் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

2. இடம், நேரம்

கட்டிலைச் சுற்றி இழுக்கிற திரை பார்வையைத்தான் மறைக்கும், குரலை மறைக்காது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். டிரஸ்ஸிங் அறை, ஆலோசனை அறை, வராந்தாவின் காலியான மூலை, எது கிடைக்கிறதோ அங்கே கூட்டிப்போங்கள். கதவு மூடுகிறதா பாருங்கள். உட்கார்ந்து பேசுங்கள்.

நோயாளி ஆடையில்லாமல் பரிசோதனை மேசையில் இருக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது. பரிசோதனை முடிந்து, உடுத்திக்கொண்டு, சமநிலைக்கு வந்த பிறகு பேசலாம். உறவினரை மொழிபெயர்க்க வைப்பதும் வேண்டாம். மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டார். துணையோடு வந்திருந்தாலும் ஐந்து நிமிடமாவது நோயாளியைத் தனியாகப் பாருங்கள். வீட்டில் வற்புறுத்தலோ அடியோ இருந்தால் வெளியே வருவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

3. முதல் வாக்கியம்

மொத்த வேலையில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம்.

"செக்ஸில் ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று நேராகக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்டவருக்கும் அப்பாடா என்று இருக்கும், பேச்சு முடிந்துவிடும். முதலில் இது பலருக்கும் நடப்பது என்று சொல்லுங்கள், பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் அனுமதி கேளுங்கள். இப்படி:

"சர்க்கரை ரொம்ப வருஷமாக இருக்கிறவர்கள் பலருக்கு உடலுறவின்போது விறைப்பு குறையும். சரிசெய்ய வழி இருக்கிறது என்பதால் எல்லோரிடமும் இதைக் கேட்பது வழக்கம். உங்களிடம் அதைப் பற்றிப் பேசலாமா?"

"மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு வறட்சி, எரிச்சல், வலி வருவதுண்டு அம்மா. உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

"இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது குளிக்கலாம், எப்போது வண்டி ஓட்டலாம் என்று சொன்னேன். துணையோடு சேர்ந்திருப்பது எப்போது என்றும் பலர் யோசிப்பார்கள். அதையும் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது புதியவர்களுக்குக் கஷ்டம். இரண்டு நொடி தாண்டினாலே நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். நோயாளி "இப்ப வேண்டாம்" என்றால் "சரி, எப்போது தோன்றினாலும் கேளுங்கள்" என்று விட்டுவிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். பலர் அடுத்த முறை வரும்போது அவர்களாகவே எடுப்பார்கள்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகச் சொல் நோயாளிக்குப் புரியாது, தெருச்சொல் நம் வாயில் வராது. அவர் "ஒண்ணா இருக்கிறது", "வீட்டுக்காரரோட சேர்றது" என்று சொன்னால் நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு முறை தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: "உடலுறவைத்தானே சொல்கிறீர்கள்?" இல்லாவிட்டால் அவர் ஒன்றைச் சொல்ல நாம் ஒன்றை எழுதுவோம். 'தாம்பத்தியம்' நல்ல சொல்தான், ஆனால் கல்யாணமாகாதவரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. 'துணை' என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லும் 'அவர்' என்ற சொல்லும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. துணை ஆணா பெண்ணா என்று நாம் முடிவு கட்டிவிடாமல் பேச நம் மொழி இப்படி இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எழுபது வயதுக்காரரிடம் கேட்க வேண்டாம், கணவரை இழந்தவரிடம் கேட்க வேண்டாம், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது எதற்கு என்று நாமே ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்போம். அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள்.

4. தொற்று பற்றிக் கேட்க வேண்டியிருந்தால்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஐந்து தலைப்புகளைப் பரிந்துரைக்கிறது: துணைகள், எவ்வகை உறவு, பாதுகாப்பு முறை, முன்பு வந்த தொற்று, கருத்தரிப்பு பற்றிய விருப்பம். இவற்றில் எவ்வகை உறவு என்று கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். ஆனால் எங்கே சோதிக்க வேண்டும் என்பதே அதைப் பொறுத்தது. கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். சிறுநீரை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் நாம்தான் தவறவிட்டவர்கள். "எந்த இடத்தில் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் பதில் வந்துவிடும்.

மணிக்கணக்கு முக்கியமான இரண்டு விஷயங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எச்ஐவி தொற்று வாய்ப்புள்ள உறவு நடந்திருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கான லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கும் 72 மணி நேரக் கணக்குத்தான். அது தாண்டியிருந்தால் காப்பர் டி ஐந்து நாள் வரை கைகொடுக்கும். "நாளைக்கு வாங்க" என்று சொல்லக் கூடாத இடங்கள் இவை.

எச்ஐவியோடு வாழ்கிறவருக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் உண்டு. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. இதை யாருமே சொல்லாமல் பல வருடம் தனியாகப் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

5. அளவான தகவல்: உங்கள் வார்டுக்கு எது தேவையோ அது

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் வார்டில் அதிகம் வருகிற நான்கைந்து நோய்களுக்கு மட்டும் தயாராகுங்கள்.

இதயம்: உடலுறவுக்குத் தேவைப்படும் உழைப்பு பெரும்பாலோருக்கு இரண்டு மாடிப் படிகளைச் சற்று வேகமாக ஏறுவதற்குச் சமம். அமெரிக்க இதய சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சிக்கலில்லாத மாரடைப்புக்குப் பிறகு, லேசான, மிதமான உழைப்பில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வராதவர்கள் ஒரு வாரம் அல்லது அதற்குப் பிறகு மீண்டும் தொடங்கலாம். யாருக்கு எப்போது என்பதை அவருடைய இதய மருத்துவர் சொல்ல வேண்டும், ஆனால் கேள்வியை அவரிடம் கொண்டுபோக வேண்டியது நாம்.

கூடவே கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உட்பட, விறைப்புக்காகத் தரும் சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மருந்தைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சில்டெனாஃபில் போட்டுக்கொண்டு நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு 24 மணி நேரத்துக்கும், அதே வகையைச் சேர்ந்த டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது. கூச்சத்தில் அவர் மறைத்துவிடுவார். அவசரப் பிரிவில் இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். 'மூலிகை' என்று விற்கப்படும் வீரிய மாத்திரைகள் பலவற்றில் சில்டெனாஃபில் மறைவாகக் கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அதனால் "வேறு ஏதாவது மருந்து, லேகியம், பொடி?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிடக் குறுகலானது. அடைப்பு சேரத் தொடங்கினால் முதலில் தெரிவது அங்கேதான். நடுத்தர வயதில் புதிதாக விறைப்புக் குறைபாடு என்று ஒருவர் வந்தால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டுச் சொன்ன அந்த ஒரு வரி அவர் உயிரைக் காப்பாற்றலாம்.

மருந்துகள்: மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளில் உச்சம் தாமதமாவதும் ஆசை குறைவதும் சகஜம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி காரணத்தை அவரே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். "இப்படி ஆனால் நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய்: கருத்தரிப்பு பற்றிய பேச்சு சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும். விந்து, கருமுட்டை இவற்றை உறையவைக்கும் வாய்ப்பு கீமோ தொடங்கிய பிறகு கைநழுவிவிடும். கீமோ கொடுத்த பிறகு சில நாட்களுக்கு மருந்து உடல் திரவங்களில் இருக்கும் என்பதால் ஆணுறை தேவை. எத்தனை நாள் என்பதை உங்கள் பிரிவின் நெறிமுறையைப் பார்த்துச் சொல்லுங்கள். இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குப் பிறப்புறுப்புப் பாதை சுருங்காமலிருக்க டைலேட்டர் என்ற விரிவுக்கருவி தருவார்கள். அதை டப்பாவோடு கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், எப்படி என்று செய்து காட்டுங்கள்.

ஸ்டோமா (மலமோ சிறுநீரோ வெளியேற ஆபரேஷன் செய்து வயிற்றில் வைக்கும் திறப்பு): வயிற்றில் பை பொருத்திய ஒரு பெண் என்னிடம், "நான் சுவர்ப் பக்கம் பை வர்ற மாதிரிதான் படுத்துக்கிறேன் சிஸ்டர், திரும்பவே மாட்டேன்" என்றார். இரண்டு மாதமாக ஒரே பக்கம் படுத்துத் தோள் வலி வந்து, அதற்குத்தான் மருந்து கேட்டு வந்திருந்தார். பையை முன்பே காலி செய்துவிடுவது, அந்த நேரத்துக்குச் சின்னப் பையாக மாற்றுவது, துணி உறையோ வயிற்றுப் பட்டையோ போட்டுக்கொள்வது, எடை பைமீது விழாத நிலையைத் தேர்வது என்று நான்கு விஷயம் சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டோமா வாய்க்குள் எதையும் நுழைக்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அந்தச் சந்தேகம் வரும், கேட்க வாய் வராது.

பிரசவம்: காயம் ஆறி, ரத்தப்போக்கு நின்று, அவருக்கே விருப்பம் வரும்போது தொடங்கலாம். பாலூட்டும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி இருக்கும். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம், ஆகவே பிரசவமாகி 21 நாளிலிருந்தே கருத்தடை பற்றி யோசிக்க வேண்டும்.

வறட்சிக்கு வழவழப்பு ஜெல் பரிந்துரைக்கும்போது ஒரு வார்த்தை: எண்ணெய், வாசலின் போன்றவை லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் பாதுகாப்பானது.

6. யாரிடம் அனுப்புவது

விறைப்பு, விந்து சார்ந்த சிக்கலுக்கு யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட். பெண்களின் வலி, ரத்தக்கசிவு, வறட்சிக்கு மகளிர் நோய் மருத்துவர். ஆசை முழுக்கக் குறைந்து, சோர்வும் இருந்தால் ஹார்மோன் பார்க்கும் எண்டோகிரைனாலஜிஸ்ட். புண், கசிவு, பால்வினைத் தொற்றுக்குத் தோல், பால்வினை நோய் மருத்துவர். மருந்தின் பக்கவிளைவா என்ற சந்தேகத்துக்கு மருந்தாளர் நல்ல துணை, அவரை நாம் போதுமான அளவு கேட்பதே இல்லை.

அதிகம் மறக்கப்படுகிறவர் இடுப்புத்தளப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர். உடலுறவு முயற்சியின்போது பெண்ணின் விருப்பமில்லாமலே தசை இறுகிக்கொள்கிற வெஜைனிஸ்மஸ் என்ற நிலையில், "மனசைத் தளர்த்திக்கோ" என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடியிருக்கும். படிப்படியான தசைப் பயிற்சியும் டைலேட்டரும் ஆலோசனையும் சேர்ந்தால் இது குணமாகக் கூடியது. பயம், பழைய வன்கொடுமை, தம்பதிக்குள் பேச்சே நின்றுபோன நிலை இவற்றுக்குப் பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல மருத்துவரோ வேண்டும்.

விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாமல் வலித்தால் அது அவசரம், நேராக அவசரப் பிரிவுக்கு.

அனுப்பும்போது கடிதத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். உங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவர் இன்னொரு புதிய ஆளிடம் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தால் பாதியில் திரும்பிவிடுவார்.

7. எழுதுவது, எல்லை வகுப்பது

கேஸ் ஷீட்டில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை நோயாளியிடமே சொல்லிவிட்டு, சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள். டீ குடிக்கும் இடத்தில் பெயர் சொல்லாமல்கூடப் பேச வேண்டாம். சிறார் மீதான கொடுமை போன்ற சில விஷயங்களைச் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும் என்றால், அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும். அந்தரங்க உறுப்புப் பரிசோதனையின்போது இன்னொருவர் உடனிருக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

யாராவது இந்தப் பேச்சைச் சாக்காக வைத்து எல்லை மீறினால், "நான் உங்கள் சிகிச்சைக்காகக் கேட்கிறேன், இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன்" என்று சொல்லி எழுந்து வந்து, பொறுப்பிலிருக்கும் மூத்தவரிடம் சொல்லிவிடுங்கள். அவமானம் உங்களுடையது இல்லை.

8. திரும்பிக் கேட்பது

சாலி டேவிஸும் பிரிஜெட் டெய்லரும் 2006இல் பிலிசிட் முறையைத் திருத்தியபோது இரண்டு மாற்றம் செய்தார்கள். அனுமதி என்பது முதல் அடுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு அடுக்கிலும் வேண்டியது என்றார்கள். பிறகு, சொன்னது உதவியதா என்று திரும்பிக் கேட்பதைச் சேர்த்தார்கள். "போன தடவை சொன்னது உதவியதா? வேறு எதுவும் தோன்றியதா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகும்.

தொடக்கத்தில் சொன்ன, கணவர் ஹாலில் படுப்பதாக வந்து கேட்ட அந்த அம்மாவிடம் நான் அன்று சொன்னது இதுதான்: "ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கம்மா, டாக்டர்கிட்ட நானே சொல்றேன்." வந்தார்கள். மருத்துவர் கணவரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொன்னார். நான் கூடவே நடந்தேன். மேலே போய் நின்றதும் அவர் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலையே சிஸ்டர்" என்றார். இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் நடை, குளியல், வண்டி என்று அச்சடித்திருக்கும் வரிகளுக்குக் கீழே "உடலுறவு: எப்போது, எப்படி" என்று பேனாவால் ஒரு வரி சேர்த்து, அதைப் பேசி முடித்த பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன்.